இருக்கலாம்

வரோதயநகரில், மின்விசிறி ஓடாத அறை எனக்கு.
மேசையில் நியதிச்சட்ட வரைவு,
சிங்களத்தில் பதினொரு பக்கம்.
தமிழில் அது பதினாலாகும்.
தாள் விலையை நினைத்துக் கணக்காளர் முணுமுணுப்பார்.

முகவுரை இலகு.
தாய், சேய், இனம், வதிவிடம், வேறுபாடின்றி...
இருபது வருசமாய் இந்தச் சொற்களுக்கு
விரல்களில் தடம் விழுந்துவிட்டது.

ஏழாம் பிரிவில்தான் நின்றுபோனேன்.

'பிரசவ விடுதி ஒவ்வொன்றிலும்
இரவும் பகலும்
தாயின் மொழி அறிந்த ஒருவர்'

அதற்குப் பிறகு வரும் வினைச்சொல்லை
யாரோ நீலப் பேனையால் வெட்டியிருக்கிறார்கள்.
மேலே சின்னதாக வேறொன்று.
ஓரத்தில்: நிதி ஏற்பாடு இல்லை.

வெட்டுப்பட்டது, இருத்தல் வேண்டும்.
வந்து குந்தியது, இருக்கலாம்.

இணைப்பு 'இ'யில் சாட்சியங்கள்.
மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. வாசித்தேன்.

யோகவதனி, வயது இருபத்தாறு.
வெருகலுக்கு அங்கால், முகத்துவாரத்துப் பக்கம்.
தேனெடுக்கிற, களப்பில் வலை வீசுகிற
வேடர் குடும்பம்.
படிவத்தில் அவர்களுக்கென்று கட்டம் இல்லை.
'ஏனையோர்' என்றதில் யாரோ சரி போட்டு
அழித்து
மறுபடி போட்டிருக்கிறார்கள்.

கிளினிக் கொப்பி ஏழு மாதம் வரை ஒழுங்கு.
மருத்துவமாது மிஸ்ரியா ஸ்கூட்டரில் போய்ப்
பிரஷர் பார்த்து எழுதிய எண்கள்,
ஒவ்வொன்றும் முந்தினதைவிட உயரம்.
"கடிதம் குடுத்துத்தான் அனுப்பினேன்.
தமிழில எழுதினது என்ட பிழையா?"

அன்றிரவு விடுதிப் பதிவு:
நோயாளி அமைதியாக இருந்தார். முறைப்பாடு இல்லை.

பக்கத்துக் கட்டில்காரி:
"மின்மினி பறக்குது, கண்ணுக்குள்ள மின்மினி பறக்குது என்டு
சொல்லிக்கொண்டே கிடந்தா.
எனக்கும் சிங்களம் தெரியாது."

தாதி இரேஷா, சொந்த ஊர் கோமரங்கடவல:
'கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.
வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன்.
லைட்டை அணைத்துவிட்டு வந்தேன்.
நல்லது செய்ததாக நினைத்தேன்.'

ஐந்தரைக்கு வலிப்பு.
பிள்ளை தங்கியது.

தாதியின் நாலு வரியும் சிங்களத்தில் இருந்தன.
தமிழுக்கு வர மறுத்தன.
எழுந்து போய் யன்னலைத் திறந்தேன்.
கீழே, கந்தோர்க் குப்பையில் இரண்டு புள்ளிமான்கள்
பழைய சுற்றறிக்கை ஒன்றை மென்றுகொண்டு நின்றன,
மூன்று மொழியையும் ஒரே பசியோடு.

சட்ட உத்தியோகத்தரிடம் போனேன்.
கெட்டவர் இல்லை. தேத்தண்ணி தந்தார்.
"வேண்டும் என்று போட்டால் திறைசேரி திருப்பி அனுப்பும்.
லாம் என்று போட்டால் பாஸாகும்.
சபை கூடினால்."
சபை கலைந்து எத்தனை வருசம் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
உறுப்பினர் கதிரைகளுக்கு உறை போட்டிருக்கிறது.

கடைசிப் பிரிவு எனக்கு மனப்பாடம்.
'உரைகளுக்கிடையே ஏதேனும் ஒவ்வாமை ஏற்படும் பட்சத்தில்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.'

அங்கே ஒரு வேண்டும் இருக்கிறது.
நீலப் பேனை அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆக, தமிழில் நான் எதை எழுதினாலும்
அது மேலோங்காது.
அந்தத் துணிவில் எழுதினேன்:
இருத்தல் வேண்டும்.

ஒப்புநோக்கும்போது பிடிபடும். பிடிபடட்டும்.
ஏன் மாற்றினீர் என்று எழுத்தில் கேட்கட்டும்.
இணைப்பு 'இ'யை விளக்கமாய் அனுப்பிவைப்பேன்.

பொருள்கோடல் பிரிவிலும்
மூலத்தில் இல்லாத ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

'முறைப்பாடு' என்பது,
மின்மினி பறக்கிறது எனத் தாயொருத்தி சொல்வதையும்
உள்ளடக்கும்.

சிங்களத்தில் அதைக் கணாமெதிரியா என்பார்கள்.
கோமரங்கடவலயிலும் இரவில் பறக்கும்.